மேட்டுக்கு நீர் வந்த வழி: மிடி கால்வாய்க் கரையில் ஒரு பயணம்

வியாழன், துலூஸ்

தெற்குப் பிரான்ஸின் துலூஸ் நகரில், அட்லாண்டிக் கடலை நோக்கி ஓடும் கரோன் ஆற்றை ஒட்டிய ஒரு படகுத்துறையில் மூன்று கால்வாய்கள் வந்து கூடுகின்றன. ஒன்று நகருக்குள் செல்லும் சிறிய பிரியேன் கால்வாய். இன்னொன்று 1856இல் முடிக்கப்பட்ட கரோன் பக்கக் கால்வாய். மூன்றாவதான கனால் டு மிடிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இங்கிருந்து மத்திய தரைக்கடலோரத்தில் உள்ள தோ உப்பங்கழி வரை அது 240 கிலோமீட்டர் ஓடுகிறது. 1667இல் வெட்டத் தொடங்கி 1681இல் படகுகளுக்குத் திறந்துவிட்ட இந்தக் கால்வாயை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கரையோரமாகச் சைக்கிளில் செல்வது, சைக்கிள் போக விரும்பாத இடங்களில் நடப்பது என்பதே திட்டம். இன்று மாலை வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பின்புறத்தில் இரண்டு பைகளைக் கட்டிவிட்டு, ரயில் நிலையத்தின் அருகே நிற்கும் பியேர் போல் ரிக்கேயின் சிலையைப் பார்த்து வந்தேன். ரிக்கே பொறியாளர் அல்லர். பெசியே நகரில் பிறந்து, மன்னருக்காக உப்புவரி வசூலித்துப் பொருள் சேர்த்தவர். அட்லாண்டிக் கடலையும் மத்திய தரைக்கடலையும் கால்வாயால் இணைத்தால் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு செல்லும் நீண்ட கடல்வழி மிச்சமாகும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே பல தலைமுறைகளாகப் பேசப்பட்டு வந்தது. அதைச் செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். இரண்டு கடல்களுக்கும் நடுவே நிலம் உயர்ந்திருக்கிறது. அந்த மேட்டில் கால்வாயை நிரப்பத் தண்ணீர் இல்லை. 1662 நவம்பரில் மன்னரின் அமைச்சர் கொல்பேருக்கு எழுதிய கடிதத்தில், தண்ணீரை எங்கிருந்து கொண்டுவரலாம் என்பதைக் கண்டுவிட்டதாக ரிக்கே தெரிவித்தார். பதினான்காம் லூயி மன்னர் 1666 அக்டோபரில் அதற்கு ஆணை பிறப்பித்தார். அந்தத் தண்ணீரின் வழியைப் பார்ப்பதுதான் என் பயணத்தின் முதல் நோக்கம். கடற்கரை அதற்குப் பிறகுதான்.

வெள்ளி, நொரூஸ் மேடு

துலூஸிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குத் தார் போட்ட சைக்கிள் பாதை உள்ளது. இரு கரைகளிலும் பிளேன் மரங்கள் வரிசையாக நின்று கிளைகளைக் கால்வாயின் மேலே கோத்திருக்கின்றன. அவற்றுக்கு அப்பால் லோராகே வட்டாரத்தின் கோதுமை வயல்கள் அறுவடை முடிந்து உழப்பட்டுக் கிடந்தன. காய்ந்த சூரியகாந்தித் தட்டைகள் அங்கங்கே நின்றன. காலையிலிருந்து தென்கிழக்கிலிருந்து ஓத்தான் என்ற காற்று எதிர்முகமாக வீசியதால் வேகமாகச் செல்ல முடியவில்லை. அதனால் ஒவ்வொரு லாக்கிலும் நின்று நின்று பார்க்க வாய்த்தது.

பக்கிங்ஹாம் கால்வாயில் ஒருகாலத்தில் படகு ஓட்டியவர்கள் லாக் என்று சொன்னது இதைத்தான்: இரு முனையிலும் கதவுகள் கொண்ட கல்தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, மேலிருந்து தண்ணீரை விட்டால் தொட்டி நிரம்பிப் படகு உயர்கிறது. நீரை வெளியேற்றினால் இறங்குகிறது. பம்பு எதுவும் தேவையில்லை. நீரின் எடையே வேலையைச் செய்கிறது. இங்கே இந்தத் தொட்டிகள் நீள்சதுரமாக இல்லாமல் நடுவில் புடைத்து முட்டை வடிவத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் நேர்ச்சுவர்களாகக் கட்டியவற்றுள் ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. அதன் பிறகு, படுக்கவைத்த வளைவைப் போல மண்ணை எதிர்த்து நிற்கும் வளைசுவர்களை ரிக்கே கட்டச் செய்தார். முன்னூற்றைம்பது ஆண்டுகளாக அந்தச் சுவர்கள் நிற்கின்றன.

படகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேட்டைக் கடக்கும் படகு இரு பக்கமும் தண்ணீரைச் செலவழிக்கிறது. அந்தச் செலவை ஈடுசெய்யும் நீர் மேட்டின் உச்சியிலேயே வந்து சேர வேண்டும். கீழே எவ்வளவு பெரிய ஆறு ஓடினாலும் பயனில்லை. கால்வாய்க்கு வழி வெட்டுவதைவிட இந்தக் கணக்கே கடினமானது.

பிற்பகலில் அந்த உச்சியை அடைந்தேன். நொரூஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கே பெருங்கடலின் பெயர் கொண்ட லாக்கும் கிழக்கே மத்திய தரைக்கடலின் பெயர் கொண்ட லாக்கும் இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட ஐந்து கிலோமீட்டர்தான் கால்வாயின் மிக உயர்ந்த பகுதி. ரிக்கே இங்கே எண்கோண வடிவில் ஒரு பெரிய குளம் வெட்டினார். அது விரைவிலேயே தூர்ந்துபோனது. இப்போது அந்தக் குளத்தின் இடத்தில் மரங்கள் நிற்கின்றன. அருகில் ரிக்கேயின் வழிவந்தவர்கள் 1827இல் எழுப்பிய கல்தூண் இருக்கிறது. என்னை நிறுத்தி வைத்தது அந்தத் தூண் அன்று. மரங்களுக்கு நடுவே அமைதியாக வந்து சேரும் ஒரு குறுகிய வாய்க்கால். நம் ஊரில் ஒரு கிளை வாய்க்கால் அளவுதான் இருக்கும். இரண்டு கடல்களுக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுப்பது இதுதான். சைக்கிளில் வருபவர்களில் பெரும்பாலோர் இங்கே படமெடுத்துக்கொண்டு காஸ்டெல்நோதாரியை நோக்கிச் சென்றுவிடுகிறார்கள். நான் நாளை இந்த வாய்க்காலைப் பின்தொடர்ந்து எதிர்த்திசையில் செல்கிறேன்.

சனி, ரெவெல்

சமவெளி ஊட்டுவாய்க்கால் என்று சொல்லத்தக்க இந்த நீர்வழி, சோர் ஆற்றில் தொடங்கி ரெவெல் ஊரைத் தொட்டு நொரூஸ் வரை சுமார் 38 கிலோமீட்டர் வருகிறது. நேர்கோட்டில் பார்த்தால் தூரம் இதைவிட மிகவும் குறைவு. நிலத்தின் சமஉயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குன்றின் இடுப்பையும் சுற்றி, ஒவ்வொரு பள்ளத்தையும் வளைந்து கடந்து வருவதால்தான் இத்தனை நீளம். சரிவு மிகவும் குறைவு என்பதைச் சைக்கிள் மிதிக்கும் கால்களே சொல்லிவிடுகின்றன: நாள் முழுவதும் நீரோட்டத்துக்கு எதிராக ஏறிக்கொண்டிருந்தும் ஏற்றம் என்ற உணர்வே வரவில்லை. தண்ணீர் மட்டும் அந்தச் சரிவை மறக்காமல் எதிரே வந்துகொண்டிருந்தது.

கட்டுமானத்துக்கு அனுமதி கிடைப்பதற்கு முன், மன்னர் அமைத்த குழு ஒரு சோதனை வாய்க்காலை வெட்டிக் காட்டச் சொன்னது. 1665இல் ரிக்கே தம் சொந்தச் செலவில் அதை வெட்டி, மலைத் தண்ணீரை நொரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். வரைபடத்தைக் கொண்டு வாதாடுவதைவிட ஓடும் நீரைக் காட்டுவது வலிமையானது என்று அவர் அறிந்திருந்தார். அந்தச் சிறு வாய்க்கால் இல்லையென்றால் பெருங்கால்வாய்க்கு ஆணையே பிறந்திருக்காது.

பாதை மண்பாதைதான். வேர்கள் குறுக்கிடும் இடங்களில் இறங்கித் தள்ளினேன். வழியில் மனிதர்களைவிட நாரைகளையே மிகுதியாகப் பார்த்தேன். ரெவெலை அடையும்போது, ஊர் நடுவே மரத்தூண்கள் தாங்கிய பழைய கூரைக்கடியில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. கடைசியாக மிஞ்சிய கடையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் வாங்கினேன்.

ஞாயிறு, சான் ஃபெரியோல்

சைக்கிளை விடுதியில் விட்டுவிட்டு இன்று முழுவதும் நடந்தேன். ரெவெலுக்குத் தென்கிழக்கே கருமலை என்று அழைக்கப்படும் காட்டு மலைத்தொடர் எழுகிறது. அதன் அடிவாரத்தில் லோதோ என்ற ஓடையின் குறுக்கே கட்டப்பட்டதுதான் சான் ஃபெரியோல் அணை. 1667 வசந்தத்தில் தொடங்கி 1672இல் நீர் தேக்கினார்கள். அணையின் நீளம் ஏறத்தாழ 780 மீட்டர். உயரம் 30 மீட்டருக்கு மேல். முன்னும் பின்னும் நடுவிலுமாக மூன்று கல்மதில்கள். அவற்றுக்கிடையே மண்ணும் கல்லும் கொட்டி இறுக்கிய நிரப்பு. அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய அணைகளுள் இதுவும் ஒன்று.

இதன் கொள்ளளவு சுமார் 63 லட்சம் கன மீட்டர், அதாவது நம் கணக்கில் கால் டி.எம்.சி.க்கும் சற்றுக் குறைவு. மேட்டூரின் 93 டி.எம்.சி.யைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஒரு பெரிய ஏரிபோலத்தான் தோன்றும். ஆனால் இந்தத் தண்ணீர் வயலில் பரவுவதில்லை. லாக்குகளை நிரப்பி இறங்குகிறது. மழைக்காலத்தில் சேர்த்துவைத்துக் கோடையில் அளந்து விடுகிறார்கள். இன்று நீர்மட்டம் கரையிலிருந்து நன்றாக இறங்கி, களிமண் விளிம்பு தெரிந்தது. கோடை முழுவதும் கால்வாய்க்குக் கொடுத்ததன் அடையாளம் அது.

அணையின் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஆழத்தில் பூங்கா. அணையின் உடலுக்குள் கல்வளைவு கொண்ட சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. ஒன்றின் வழியே சென்று குழாய்களைத் திறந்து நீரை விடுவார்கள். இன்னொன்று அடியில் படியும் வண்டலை வெளியேற்ற. ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணாமல், தூர் எப்படி வெளியேறும் என்று கட்டும்போதே சிந்தித்திருக்கிறார்கள். ஏரிகளை வண்டலுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் நாம் இந்த ஒரு சுரங்கத்தைப் பார்ப்பதற்காகவே இங்கு வரலாம்.

அங்கிருந்து மலையேறும் பாதையில் லே காம்மாஸ் என்ற சிற்றூர் வரை நடந்தேன். பீச், ஓக் மரங்களின் நிழலில் மலை ஊட்டுவாய்க்கால் ஓடுகிறது. அல்சோ என்ற ஓடையில் தொடங்கி, வழியில் வேறு பல ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. முதலில் இந்த நீர் சோர் ஆற்றிலேயே கொட்டியது. அதைச் சான் ஃபெரியோலுக்குத் திருப்பியவர் கோட்டைகள் கட்டிப் புகழ்பெற்ற வோபான். ரிக்கே இறந்த பின், 1686இல் கால்வாயைப் பார்வையிட வந்த அவர், லே காம்மாஸில் மலையைக் குடைந்து 120 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் ஒன்றை அமைத்து, நீரை அணைக்குப் பின்னால் விழச் செய்தார். சுரங்கத்தின் வாயில் வளைவு இன்றும் நேர்த்தியாக இருக்கிறது. உள்ளே குளிர்ந்த நீர் ஓசையோடு விரைகிறது.

இந்த மலை ஓடைகளை ரிக்கேக்கு அடையாளம் காட்டியவர் பியேர் காம்மாஸ். ரெவெல் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பில் இருந்த குடும்பத்தவர். எந்தச் சரிவில் எந்த ஓடை கோடையிலும் வற்றாது என்பதைக் கால்நடையாக அறிந்தவர். வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 12,000 பேர் மண் வெட்டியும் சுமந்தும் உழைத்தார்கள். அவர்களில் பெண்கள் மிகப் பலர். பிரனீஸ் மலையூர்ப் பெண்கள் தங்கள் ஊர்களில் வாய்க்கால் அமைத்துப் பழகிய அறிவையும் இங்கே கொண்டுவந்தார்கள் என்று வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகிறார்கள். இன்று முழுவதும் நடந்து பார்த்தபின் அதை நம்பவே தோன்றுகிறது. இத்தனை மென்மையான சரிவைக் குன்றுக்குக் குன்று விடாமல் பிடித்திருப்பது, தண்ணீரோடு வாழ்ந்தவர்களின் கண் இல்லாமல் நடந்திருக்காது. ரிக்கே அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் மழை நாளுக்கும் நோயுற்ற நாளுக்கும் கூலியைப் பிடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அது அரிய ஏற்பாடு. ஆயினும் கல்தூண்களில் அவர் பெயர் மட்டுமே இருப்பது எனக்கு உறுத்துகிறது. காம்மாஸுக்கும் அந்தப் பெண்களுக்கும் நொரூஸிலேயே ஒரு கல் நடப்பட வேண்டும்.

திங்கள், காஸ்டெல்நோதாரி

ரெவெலிலிருந்து வயல்வெளிச் சாலையில் இறங்கி மீண்டும் கால்வாயை அடைந்தேன். இந்த ஊரின் பெரிய குளம் ஏழு ஹெக்டேர் பரப்புள்ளது. அடுத்துள்ள சான் ரோக் என்ற நான்கு லாக்குகளின் அடுக்குக்குத் தண்ணீர் சேர்த்துவைக்கும் தொட்டியாக அது பயன்படுகிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் 1787இல் இந்தக் கால்வாயில் பயணம் செய்தபோது, இங்கிருந்து குதிரையில் சான் ஃபெரியோலுக்குச் சென்று நீரின் ஊற்றுக்கண்ணைப் பார்த்துவந்தார். வெள்ளைப் பீன்ஸ் விதைகளையும் வாத்துக்கறியையும் மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைக்கும் கசுலே இவ்வூரின் உணவு. உண்டபின் இன்று வேறெதுவும் செய்யவில்லை.

செவ்வாய், த்ரேப்

கார்கசோனைப் பகலில் கடந்தேன். கோட்டைச் சுவர்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. நான் கால்வாயோடு நிற்கிறேன். ரிக்கே கேட்ட பணத்தைத் தர நகரம் மறுத்ததால் முதல் கால்வாய் ஊரைத் தொடாமல் விலகிச் சென்றது. அதன் இழப்பை உணர்ந்து, நூறாண்டுகளுக்குப் பிறகு புதிதாகத் தடம் வெட்டி, 1810இல்தான் கால்வாயை ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

த்ரேப்பில் ஓர்பியேல் ஆற்றின் மேலே கால்வாய் ஒரு தொட்டிப்பாலத்தில் செல்கிறது. இதுவும் வோபான் காலத்துப் பணி. ரிக்கேயின் அமைப்பில் பல ஓடைகள் கால்வாய்க்குள்ளேயே நுழைந்து மறுகரை வழியே வெளியேறின. வெள்ளம் வந்தால் அவை கொண்டுவரும் மணலும் கல்லும் கால்வாயில் தங்கிவிடும். ஓடைகளைக் கால்வாய்க்கு அடியிலோ கால்வாயை ஆற்றுக்கு மேலோ பிரித்தனுப்பினால் அந்தத் தொல்லை தீரும் என்று கண்டு வோபான் பல தொட்டிப்பாலங்களையும் அடிமதகுகளையும் கட்டச் செய்தார். முதலில் கட்டியவரின் குறையைப் பின்வந்தவர் பொறுப்போடு திருத்தியதால்தான் இந்தக் கால்வாய் பிழைத்தது.

புதன், லெ சொமாய்

ஆர்ஜான் லாக்கைத் தாண்டியதும் 54 கிலோமீட்டருக்கு லாக்கே கிடையாது. ஒரே நீர்மட்டம் மின்னர்வா திராட்சைத் தோட்டங்களின் ஊடே ஆறு வளைவதுபோல வளைந்து செல்கிறது. திராட்சை பறிப்பு முடிந்து இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன. பராசா ஊருக்கு அருகே 1676இல் ரிக்கே கட்டிய ரெபூத்ர் தொட்டிப்பாலம் உள்ளது: ஒரே வளைவு, அடியில் சிற்றாறு, மேலே படகு. சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆற்றுப்படுகையில் இறங்கி நின்று பார்த்தால்தான் அதன் அழகு தெரியும்.

ஆனால் இன்று நெடுந்தூரம் நிழலே இல்லாமல் வந்தேன். கால்வாய் நெடுக நின்ற 42,000 பிளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்துவருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த ஆயுதப் பெட்டிகளின் மரப்பலகைகளில் இது ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. இந்தக் கால்வாயில் 2006இல் கண்டறியப்பட்டது. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும் இந்த நோய்க்கு மருந்தில்லை. வேரோடு வேர் பின்னியிருப்பதாலும் கால்வாய் நீரே வித்துகளைச் சுமந்து செல்வதாலும் நோயுற்ற மரத்தையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி எரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் போய்விட்டன. அவற்றின் வேர்கள்தாம் மண்கரையைப் பிடித்துவைத்திருந்தன. அவற்றின் நிழல் நீர் ஆவியாவதைக் குறைத்தது. இப்போது ஒரே இனத்தை நடாமல் ஓக் முதலிய பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். கம்பு கட்டிய கன்றுகள் மைல் கணக்கில் நிற்கின்றன. அவை நிழல் தரும் காலத்தில் நாம் இருக்கமாட்டோம் என்றாலும், நடுகிறவர்கள் தெளிவோடு செய்கிறார்கள்.

வியாழன், பெசியே

காலையில் காப்பெஸ்தாங்கைக் கடந்து, ஆன்செரூன் குன்றின் அடியில் உள்ள மால்பா சுரங்கத்தை அடைந்தேன். 1679இல் மலையைக் குடைந்து கால்வாயை விட்டார்கள். 160 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். படகுகளுக்காக வெட்டப்பட்ட முதல் கால்வாய்ச் சுரங்கம் என்று இதைச் சொல்கிறார்கள். பாறை உதிரும் மணற்கல்லாக இருந்ததால் வேலை ஆபத்தானது என்று எதிர்ப்பு எழுந்தது, ரிக்கே பின்வாங்கவில்லை.

இதே குன்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் ஒன்றும், அவை இரண்டையும்விடப் பழைய வடிகால் சுரங்கம் ஒன்றும் செல்கின்றன. அந்த வடிகாலைப் புரிந்துகொள்ள, செங்குத்தான பாதையில் குன்றின் மேலுள்ள பழங்கால ஊரின் இடிபாடுகள் வரை நடந்து ஏற வேண்டும். கீழே மோந்தாதி ஏரிப்படுகை வட்டமாக விரிகிறது. சுமார் 430 ஹெக்டேர் சதுப்பை, 1247இல் பெற்ற அனுமதியுடன் வடித்து வயலாக்கியிருக்கிறார்கள். நடுமையத்தை நோக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் வரப்புகளும் வாய்க்கால்களும் கதிர்போல இறங்குகின்றன. மையத்தில் சேரும் நீர் சுரங்கம் வழியே குன்றைக் கடந்து வெளியேறுகிறது. எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது இயங்குகிறது. இந்த வட்டாரத்தில் நீரை நடத்தும் கலை ரிக்கேக்கு வெகுமுன்பே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிற்பகலில் ஃபோன்செரான் வந்தேன். நீண்ட சமநீர் இங்கே முடிந்து, எட்டுத் தொட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிக்கட்டாக 21 மீட்டருக்கு மேல் இறங்குகின்றன. மேல்தொட்டியின் கீழ்க்கதவே அடுத்ததன் மேல்கதவு. எட்டுத் தொட்டிக்கு ஒன்பது கதவுகள் போதும். ஒரு படகு முழுவதும் இறங்கும்வரை புல்லில் அமர்ந்திருந்தேன். மேலிருந்து விடும் நீர் தொட்டிக்குத் தொட்டி நுரைத்து இறங்குவதைப் பார்க்கையில், அது கருமலை ஓடைகளில் தொடங்கிய நீர்தான் என்ற நினைவு விலகவில்லை. முன்பு படகுகள் கடைசித் தொட்டியிலிருந்து ஓர்ப் ஆற்றில் இறங்கி, வெள்ளம் தணியும்வரை காத்திருந்து மறுகரைக்குப் போக வேண்டியிருந்தது. 1858இல் ஆற்றின் மேல் தொட்டிப்பாலம் கட்டியபின் ஏழாம் தொட்டியிலிருந்தே பக்கவாட்டில் திரும்பிச் செல்கின்றன.

வெள்ளி, லெ ஓங்லூ

இன்றைய தூரம் குறைவு. பார்க்க வேண்டியவை இரண்டு. வியாஸ் அருகே லிப்ரோன் என்ற ஓடை கால்வாயின் மட்டத்திலேயே குறுக்கிடுகிறது. தொட்டிப்பாலத்துக்கு உயரம் இல்லை. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரும் தடுப்புகள் கொண்ட ஓர் அமைப்பைக் கட்டி, வெள்ளம் வரும்போது அது கால்வாய்க்கு மேலாகப் பாய்ந்து கடலுக்குச் செல்லும்படி செய்தார்கள். அடுத்து ஆக்ட் ஊரில் வட்டவடிவ லாக்: மூன்று கதவுகள், மூன்று வெவ்வேறு நீர்மட்டங்கள். படகு வட்டத்துக்குள் திரும்பி எரோ ஆற்றின் மேல்பகுதிக்கோ கீழ்பகுதிக்கோ போகலாம்.

லெ ஓங்லூவில் சிறிய கலங்கரை விளக்கத்தோடு கால்வாய் தோ உப்பங்கழியில் சேர்கிறது. எதிர்க்கரையில் சிப்பி வளர்க்கும் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அப்பால் செட் துறைமுகம். கால்வாய்க்கென்றே 1666இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் துறைமுகத்தையும் ரிக்கேதான் கட்டினார். 1680 அக்டோபர் முதல் நாள், வேலை முடியச் சில மாதங்களே இருக்க, பெருங்கடனோடு அவர் இறந்தார்; மகன்கள் முடித்தார்கள்.

இந்த வழியில் வர விரும்புவோர் ரெவெலையும் சான் ஃபெரியோலையும் எந்தக் காரணத்தைக் கொண்டும் விட்டுவிட வேண்டாம். நொரூஸ் வரை சாதாரணச் சைக்கிளே போதும். அதன் பிறகு அகலமான டயர் தேவை, மழைக்குப்பின் ஊட்டுவாய்க்கால் பாதையில் நடப்பதே நல்லது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகப் படகுப் போக்குவரத்து நிறுத்தப்படுவதால், லாக்குகள் இயங்குவதைக் காண ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையே வர வேண்டும்.